ஷூட்டிங் மேட்ச் எடுக்க பாக்கெட் கேமரா: 4கே-வை விடுங்க, லென்ஸ், சத்தம், பேட்டரி பாருங்க

ஒருத்தர் கேட்டிருக்கார்: "சார், நான் பிராக்டிக்கல் பிஸ்டல் மேட்ச் சுடுறேன், ஓடி ஓடி சுடுற டைப். தங்கச்சி 10 மீட்டர் ஏர் பிஸ்டல். ரெண்டு பேர் மேட்சையும் வீடியோ எடுத்து அப்புறம் உக்காந்து பார்த்து தப்பைத் திருத்தணும். பாக்கெட்ல போட்டுக்கிற சைஸ்ல ஒரு கேமரா சொல்லுங்க. எல்லாரும் 4கே இருந்தா போதும்னு சொல்றாங்க, அது சரியா?"

இல்லைங்க தம்பி, அது போதாது. 4கே-ங்கிறது மொத்தப் படத்துல எத்தனை புள்ளி இருக்குன்னுதான் சொல்லும், அதுல எத்தனை புள்ளி உங்க மேல விழுதுங்கிறதை லென்ஸ்தான் முடிவு பண்ணும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கோப்ரோ மாதிரி ஆக்‌ஷன் கேமராவோட அகல மோடு சுமார் 16 மி.மீ லென்ஸுக்குச் சமம் (மி.மீ குறைஞ்சா காட்சி அகலம், கூடினா ஆள் கிட்ட வருவாரு), அதை வச்சு 10 மீட்டர் தள்ளி நின்னு எடுத்தா ஃபிரேம் கிட்டத்தட்ட 22 மீட்டர் அகலம், 12 மீட்டருக்கு மேல உயரம் வரும். அதுல 1.7 மீட்டர் உயரம் இருக்கிற ஆள் 4கே-லயே சுமார் 290 புள்ளி உயரம்தான் இருப்பாரு, மிச்சமெல்லாம் வானமும் மண்ணும். அதே இடத்துல நின்னு 70 மி.மீ அளவுக்கு ஜூம் பண்ணி வெறும் ஃபுல் எச்டி-ல எடுங்க, அதே ஆள் 630 புள்ளிக்கு வந்துடுவாரு. அதாவது பாதி ரெசல்யூஷன்ல ரெண்டு மடங்குக்கு மேல விவரம். அதனால கேமரா வாங்கும்போது முதல்ல கேக்க வேண்டியது ஆப்டிகல் ஜூம் இருக்கா, எதுவரைக்கும் போகும்ங்கிறதுதான். டிஜிட்டல் ஜூம்னு எழுதியிருந்தா அதைக் கணக்குல எடுக்காதீங்க, அது இருக்கிற படத்தை வெட்டிப் பெருசாக்குற வேலை மட்டும்தான்.

ஒரு காலத்துல பாக்கெட் வீடியோ கேமரான்னாலே ஃபிளிப் மாதிரி ஒத்தை பட்டன் டப்பாதான், நிறைய ஷூட்டர்ஸ் அதைத்தான் வச்சிருந்தாங்க. சிஸ்கோ கம்பெனி 2009-ல அதை வாங்கி 2011-லயே மூடிட்டாங்க, போன் அந்த இடத்தை எடுத்துக்கிச்சு. ஆனா அந்த வகையில கோடக் இசட்ஐ8-ல ஒரு நல்ல விஷயம் இருந்துச்சு, வெளி மைக் குத்துற ஓட்டை. அது ஏன் முக்கியம்னு இப்ப சொல்றேன், ஏன்னா ஷூட்டிங் வீடியோல பாதி விஷயம் சத்தத்துல இருக்கு.

துப்பாக்கி சத்தம் 140 டெசிபல், அதுக்கு மேலயும் போகும், சின்னக் கேமராவுக்குள்ள இருக்கிற மைக் அவ்ளோ சத்தத்தை ஒழுங்கா தாங்காது. தாங்கலைன்னா சும்மா கரகரன்னு கேக்கும்னு மட்டும் நினைக்காதீங்க. ஆட்டோ கெயின்னு, சத்த அளவைத் தானே ஏத்தி இறக்குற ஒண்ணு உள்ள வேலை செய்யும், முதல் ஷாட் வெடிச்ச உடனே அது வால்யூமைக் கீழே தள்ளிடும், அப்புறம் ஒரு ரெண்டு செகண்டுக்கு ரேஞ்ச் ஆபீசர் (கூடவே நின்னு ஸ்டேஜை நடத்துற அதிகாரி) சொல்றது எதுவும் கேக்காது, திரும்ப மெதுவா ஏத்தும்போது அடுத்த ஷாட் வரும், மறுபடியும் அமுங்கும். சாதாரணமா பார்க்கிறவங்களுக்கு இது பெரிய விஷயம் இல்ல. உங்களுக்குப் பெரிய விஷயம், ஏன்னா நேரம் அளக்க உங்ககிட்ட இருக்கிற நல்ல கருவியே அந்த ஆடியோதான். வீடியோ 30 எஃப்.பி.எஸ்-னா, அதாவது செகண்டுக்கு 30 படம்னா, ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் 33 மில்லிசெகண்ட் இடைவெளி. ஆடியோ ஒரு செகண்டுக்கு 48,000 தடவை பதிவாகுது. எடிட்டிங் சாப்ட்வேர்ல ஆடியோ வேவ்ஃபார்மை (சத்தத்தோட அலைக் கோட்டை) விரிச்சு வச்சா, சுட ஆரம்பிக்கச் சொல்ற டைமரோட பீப் எங்க ஆரம்பிச்சுது, முதல் ஷாட் எங்க, ரெண்டாவது எங்கன்னு மில்லிசெகண்ட் கணக்குல அளக்கலாம், டிரா (உறையில இருந்து உருவுறது) எவ்ளோ நேரம், ரீலோட் (மேகசின் மாத்துறது) எவ்ளோ நேரம், ஸ்பிளிட் (ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவுல உள்ள நேரம்) எவ்ளோன்னு எல்லாம் கையில வந்துடும். கெயினை நாமே குறைச்சு பூட்டி வைக்கிற வசதி கேமராவுல இருந்தா இது சுலபம். ஆட்டோ மட்டும்தான்னா ஷாட்டுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே கட்டியா தெரியும், பக்கத்து பே-ல (தனியாத் தடுத்த சுடுற இடத்துல) சுடுறவனோட சத்தமும் எதிரொலியும் சேர்ந்து எது யாரோடதுன்னே பிரிக்க முடியாது. அதனால மேனுவல் ஆடியோ லெவல், மைக் ஜாக், இந்த ரெண்டுல ஒண்ணாவது இருக்கிற கேமராவாப் பாருங்க. மைக் மேல ஒரு காத்துத் தடுப்புப் பஞ்சு போட்டுக்கோங்க, திறந்தவெளி ரேஞ்சுல காத்து சத்தம் எல்லாத்தையும் தின்னுடும்.

அடுத்து ஃபிரேம் ரேட். பிராக்டிக்கல்ல நல்லா சுடுறவங்களோட ஸ்பிளிட் 0.2 செகண்ட் வாக்குல இருக்கும். 30 எஃப்.பி.எஸ்-ல ரெண்டு ஷாட்டுக்கு நடுவுல ஆறு படம்தான், 60-ல பன்னெண்டு, 120-ல இருபத்து நாலு. ஷாட்டுக்கு முன்னாடி மணிக்கட்டைக் கீழே அமுக்குறதை, டிரிகரைப் பிடுங்குறதை 30-ல பார்க்கவே முடியாது, ஏன்னா அது ரெண்டு ஃபிரேமுக்கு நடுவுல நடந்து முடிஞ்சிடும். 60 குறைஞ்சபட்சம், 120 இருந்தா நிம்மதி, அதுக்கு மேல 240 எல்லாம் இருந்தா நல்லது, ஆனா அதுக்காக கூடுதல் காசு போடாதீங்க. இன்னொண்ணு, ஃபிரேம் ரேட்டோட ஷட்டர் ஸ்பீடையும் (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் வாங்குற நேரம்) பாருங்க. வெளில வெயில்ல ஆட்டோவே வேகமா வச்சுக்கும். இன்டோர்ல வெளிச்சம் பத்தாம ஷட்டரை மெதுவாக்கிடும், அப்ப 120-ல எடுத்தாலும் கை கலங்கித்தான் தெரியும். பெரிய சென்சார் இருக்கிற கேமரா இன்டோர்ல ஜெயிக்கிறது இதனாலதான்.

இன்டோர்ல லைட் துடிப்பும் ஒரு தொல்லை. 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல ஓடுற லைட் செகண்டுக்கு 100 தடவை கூடிக் குறையும், அதுல 120 எஃப்.பி.எஸ் போட்டா படம் மினுக்கு மினுக்குன்னு வரும். மெனுவுல ஆன்ட்டி ஃபிளிக்கர்னு இருக்கும், 50-ஆ 60-ஆன்னு உங்க ஊர் கரண்டுக்கு ஏத்த மாதிரி வைங்க, ஷட்டரை 100-ல ஒரு பங்கு செகண்ட்ல நிறுத்துங்க, 120 எஃப்.பி.எஸ்-ல அவ்ளோ மெதுவா வைக்க முடியாது, அதனால அங்க 60-க்கோ 50-க்கோ இறங்கிடுங்க. 60 ஹெர்ட்ஸ் ஊர்னா 120-ல ஒரு பங்கு.

இப்ப தங்கச்சி விஷயம், அதுக்குத் தனியா யோசிக்கணும். ஏர் பிஸ்டல்ல 10-வது வளையத்தோட விட்டம் 11.5 மி.மீ, பெல்லட் 4.5 மி.மீ. போனோட மெயின் லென்ஸ் மாதிரி 24 மி.மீ அகலத்துல 10 மீட்டர்ல இருந்து 4கே எடுத்தா அந்த பெல்லட் ஓட்டை படத்துல ஒரே ஒரு புள்ளி. அது தெரியாது, அதுக்காக முயற்சியே பண்ணாதீங்க, எலக்ட்ரானிக் டார்கெட்னா பக்கத்துல மானிட்டர் இருக்கும், அவளும் மானிட்டரும் ஒரே ஃபிரேம்ல வர்ற மாதிரி வச்சுட்டா எந்த ஷாட் எங்க போச்சுன்னு அதுலயே பதிவாகிடும். இன்னொரு விஷயமும் புரிஞ்சுக்கணும். துப்பாக்கி மேல குறி பார்க்க இருக்கிற முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல 33 செ.மீ இருக்குன்னு வச்சுக்குவோம், முன் சைட் வெறும் 0.2 மி.மீ நகர்ந்தாலே குறி 10-ஓட நடுவுல இருந்து ஓரத்துக்குப் போயிடும். அந்த 0.2 மி.மீ-யை எந்த பாக்கெட் கேமராவும் காட்டாது. அப்ப வீடியோ எதுக்குன்னா, கை மேல போறதுல இருந்து ஷாட் வரைக்கும் எத்தனை செகண்ட் எடுக்கிறா, எந்த ஷாட்ல ரொம்ப நேரம் பிடிச்சு வச்சிருந்து விட்டா, விட்ட உடனே கையை இறக்கிடுறாளா இல்ல ஃபாலோ த்ரூ (சுட்ட பிறகும் குறியில அப்படியே நிக்கிறது) வைக்கிறாளா, மூச்சு, தோள், கால் நிக்கிற இடம் எல்லாம் 60-வது ஷாட்லயும் முதல் ஷாட் மாதிரியே இருக்கான்னு பார்க்கத்தான். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் கோச்சுங்க அதிகமா பிடிக்கிற தப்பு, கெட்ட ஷாட்டுன்னு தெரிஞ்சும் இறக்காம பிடிவாதமா விடுறது, அது வீடியோவுல அப்பட்டமா தெரியும்.

இதுல பேட்டரிதான் பெரிய பிரச்சனை. 60 ஷாட்டுக்கு 75 நிமிஷம், அதுக்கு முன்னாடி தயாராகவும் சைட்டிங் ஷாட்டுக்கும் (கணக்குல வராத பழகு ஷாட்) 15 நிமிஷம், மொத்தம் ஒன்றரை மணி நேரம் நிறுத்தாம ஓடணும். சின்ன உடம்பு கேமரா 4கே-ல அவ்ளோ நேரம் ஓடினா சூடாகி தானே ஆஃப் ஆகிடும். 100 மெகாபிட் 4கே-ன்னா மணிக்கு 45 ஜிபி வேற தின்னும். அதே வேலையை ஃபுல் எச்டி 30 மெகாபிட்ல பண்ணா ஒன்றரை மணிக்கு 20 ஜிபி சுத்துவட்டாரம்தான், சூடும் கம்மி, பார்க்கிறதுக்கும் போதும். யூஎஸ்பி-ல சார்ஜ் ஏறிக்கிட்டே ரெகார்ட் ஆகுமான்னு வாங்குறதுக்கு முன்னாடி கேளுங்க, சில கேமரா சார்ஜ் போட்டா ரெகார்டிங்கை நிறுத்திடும்.

உங்க மேட்ச்ல இது தலைகீழ். ஒரு ஸ்டேஜ் (மேட்ச்ல ஒரு சுற்று) அரை நிமிஷம்தான் ஓடும், ஆனா எப்ப ஆரம்பிக்கும்னு தெரியாம காத்துக்கிட்டு நிக்கணும், எடுக்கிறவர் உங்க நண்பரா இருப்பாரு, அவருக்கும் அடுத்தது சுட வேண்டியிருக்கும். அதனால சட்டுன்னு ஆன் ஆகணும், ஒரு பட்டன்ல ரெகார்ட் ஆகணும், வெயில்ல ஸ்கிரீன் தெரியணும். கோப்ரோ ஹீரோ 9-ல இருந்து ஹைண்ட்சைட்னு ஒண்ணு கொடுத்தாங்க, பட்டன் அமுக்குறதுக்கு முன்னாடி நடந்த 15 இல்ல 30 செகண்டையும் சேர்த்து எடுத்துக்கும், இந்த மாதிரி மேட்சுக்கு ரொம்ப உதவும். ஆட்டோஃபோகஸ் கேமரான்னா முன்னாடி போற ஆள் மேலயும் தடுப்புச் சுவர் மேலயும் போய் நிக்கும், ஃபோகஸ் லாக் இருக்கான்னு பாருங்க.

எங்க நிக்கிறதுன்னும் சொல்லிடுறேன். வலது கைக்காரர்னா வலது பக்கம் பின்னாடி சாய்வா நின்னா ஹோல்ஸ்டர் (இடுப்பு உறை), டிரா, டிரிகர் விரல் எல்லாம் தெரியும், ஆனா சுட்ட தோட்டாவோட காலி கேஸ் அந்தப் பக்கம்தான் பறந்து வந்து லென்ஸ்ல அடிக்கும். இடது பக்கம் நின்னா மேகசின் எடுக்கிற கை, ரீலோட் தெரியும். நான் ஒரு ஸ்டேஜுக்கு ஒரு பக்கம்னு மாத்தி மாத்தி எடுக்கச் சொல்லுவேன். எடுக்கிறவர் எந்த நேரத்துலயும் துப்பாக்கி முனைக்கு முன்னாடி போகக் கூடாது, ரேஞ்ச் ஆபீசர்கிட்ட முதல்லயே கேட்டுட்டு அவர் சொன்ன இடத்துல நிக்கணும், ஜூம் இருந்தா பக்கத்துல போக வேண்டிய அவசியமே வராது, கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்பு எடுக்கிறவருக்கும் கட்டாயம். கேமராவோட பீப் சத்தத்தை ஆஃப் பண்ணிடுங்க, டைமரோட பீப்புக்காகக் காதைத் தீட்டி வச்சிருக்கிற ஆள் பக்கத்துல இன்னொரு பீப் கேட்டா என்ன ஆகும்னு யோசிங்க. ஏர் பிஸ்டல் லைன்ல ஃபிளாஷ், ஃபோகஸ் லைட் ரெண்டும் ஆஃப்.

தொப்பில மாட்டுற கேமரா பத்தி நிறைய பேர் கேப்பாங்க. இன்ஸ்டா360 கோ 3 மாதிரி 35 கிராம் கேமரா தொப்பி விளிம்புல நிக்கும், எந்த டார்கெட்டை எப்ப பார்த்தீங்க, கண்ணு முன்னாடி போய் துப்பாக்கி பின்னாடி வருதான்னு அது காட்டுற மாதிரி வேற எதுவும் காட்டாது. ஆனா தலைப்பட்டை போட்டு அது இயர் மஃப் அடில மாட்டிக்கிட்டா காதுக்குப் பாதுகாப்பு போச்சு, அதை மட்டும் செய்யாதீங்க. துப்பாக்கி மேலயே கேமரா மாட்டுறதை நான் ஒத்துக்கவே மாட்டேன், ரீகாயில் (சுடும்போது வர்ற உதைப்பு) உள்ள இருக்கிற ஸ்டெபிலைசேஷனை, அதாவது ஆட்டத்தைக் குறைக்கிற வசதியை, ஆட்டி ஆட்டிக் கெடுத்துடும்.

டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3 கேட்டா, 1 இன்ச் சென்சார், கிம்பல் (கேமராவை ஆடாமப் பிடிக்கிற மோட்டார் கை), 4கே-ல 120 எஃப்.பி.எஸ், ஸ்கிரீனைத் திருப்பினாலே ஆன் ஆகும், பின்னாடியே நடந்து எடுக்க அருமை, ஆனா லென்ஸ் 20 மி.மீ, ஆப்டிகல் ஜூம் கிடையாது. பின்னாடி நெருங்கி நிக்க விடுற ரேஞ்சுன்னா சரி. உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கேமரான்னா நான் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 பக்கம்தான் போவேன், 24-ல இருந்து 200 மி.மீ வரைக்கும் ஆப்டிகல் ஜூம், 1 இன்ச் சென்சார், மைக் ஜாக், 302 கிராம், பேன்ட் பாக்கெட்ல கொஞ்சம் புடைக்கும். அதுல பேட்டரி சின்னது, தங்கச்சி மேட்சுக்கு ட்ரைபாட்ல வச்சு ஃபுல் எச்டி-ல பவர் பேங்க் போட்டுத்தான் ஓட்டணும், அப்பவும் ஒரு தடவைக்கு சுமார் 29 நிமிஷத்துல ரெகார்டிங் தானே நின்னுடும், யாராவது மறுபடி பட்டனை அமுக்கணும், ட்ரைபாட்ல இருக்கும்போது ஸ்டெபிலைசேஷனை ஆஃப் பண்ணிடுங்க. காசு இப்ப இடிக்குதுன்னா இருக்கிற போன்லயே டெலி லென்ஸை 60 எஃப்.பி.எஸ்-ல போட்டு ஒரு சின்ன ட்ரைபாடோட ஆரம்பிங்க. எதை வாங்கினாலும் முதல் தடவை மேட்சுக்குக் கொண்டு போகாதீங்க, ஒரு பிராக்டிஸ் நாள்ல பத்து ஷாட் எடுத்து வீட்டுக்கு வந்து வேவ்ஃபார்மை விரிச்சுப் பாருங்க, பத்து ஷாட்டும் தனித்தனியா எண்ணுற மாதிரி தெரியலைன்னா கெயினை இன்னும் ஒரு படி இறக்கிட்டு மறுபடி எடுங்க.