மற்ற அரைவாசிப் பாரம் எங்கே போகிறது?

கேள்வி: தம்பலகாமம் பக்கத்தில் ஒரு சிறிய பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எளிய பொறிகள் பாடம் தொடங்கி ஒரு வாரமாகிறது. "வேலையை இலகுவாக்கும் அமைப்பு எளிய பொறி" என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். கணக்கு என்று வந்தால் தடுமாறுகிறார்கள். அசையும் கப்பியில் அரைவாசி விசை போதும் என்று படம் கீறிக் காட்டியபோது ஒரு மாணவன், "மற்ற அரைவாசிப் பாரம் எங்க போகுது, ரீச்சர்?" என்று கேட்டான். எனக்கு உடனே பதில் வரவில்லை. ஆய்வுகூடம் இல்லை, ஒரு நியூற்றன் தராசு மட்டும் இருக்கிறது. எப்படிப் படிப்பிக்கலாம்?

பதில்: ரீச்சர், அந்தப் பிள்ளையின் கேள்வியைக் கரும்பலகையின் மேல் மூலையில் எழுதி, பாடம் முடியும்வரை அழிக்காமல் விடுங்கள். எளிய பொறிகள் முழுவதையும் அந்த ஒரு கேள்வியை வைத்தே படிப்பித்துவிடலாம்.

பதிலை நீங்கள் வாயால் சொல்ல வேண்டியதும் இல்லை. அவன் கையிலேயே கொடுத்துவிடலாம். ஒரு வாளியில் அரைவாசிக்குத் தண்ணீர் எடுங்கள். வாளியின் பிடியில் ஒரு கப்பியைக் கொழுவி, கயிற்றைக் கப்பிக்குக் கீழாக விட்டு, இரண்டு நுனிகளையும் மேலே எடுங்கள். பாடப்புத்தகப் படத்தில் ஒரு நுனி கூரை வளையில் கட்டப்பட்டிருக்கும். நீங்கள் கட்டாதீர்கள். ஆடாத ஒரு வாங்கின் மேல் அந்த மாணவனை ஏற்றி, வளையில் கட்ட வேண்டிய நுனியை அவன் கையில் கொடுங்கள். மறு நுனியை இன்னொரு பிள்ளை பக்கத்தில் நின்று மெதுவாக மேலே இழுக்கட்டும். வாளி ஒரு முழம் எழும்பினால் போதும். அவன் கை அசையாது. அவன் ஒன்றும் இழுக்கவில்லை. ஆனால் தோள் வரைக்கும் பாரம் தெரியும். "எனக்கும் பாரமா இருக்கு" என்று அவனே சொல்வான். மற்ற அரைவாசி அங்கேதான் போகிறது. இத்தனை நாளும் அதை வளை தாங்கிக்கொண்டிருந்தது. வளை வாய் திறந்து சொல்லாததால் நமக்குத் தெரியவில்லை.

இதில் புதினம் ஒன்றும் இல்லை. கிணற்றடியிலிருந்து இரண்டு பிள்ளைகள் ஒரு தடியில் வாளியைக் கொழுவித் தூக்கி வருவதைத் தினமும் பார்க்கிறோம். அதே சங்கதிதான். ஆனால் படத்தில் பார்க்கும்போது அது மாயம் போலத் தோன்றிவிடுகிறது.

இனி அடுத்த கேள்வி தானாக வரும். வளை அரைவாசியைச் சும்மா தாங்குகிறது என்றால் நமக்கு முழு லாபமா? இப்போது அளக்கச் சொல்லுங்கள். வாளி 50 சென்ரிமீற்றர் எழும்ப, இழுக்கும் பிள்ளையின் கையில் எவ்வளவு கயிறு வந்தது? வெண்கட்டியால் கயிற்றில் அடையாளம் போட்டுப் பார்த்தால் 1 மீற்றர் இருக்கும். விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கட்டியாயிற்று. 1600ஆம் ஆண்டளவில் பொறிகளைப் பற்றி எழுதிய கலிலியோ அழுத்திச் சொன்னதும் இதைத்தான்: பொறியை வைத்து இயற்கையை ஏமாற்ற முடியாது.

உங்கள் பிள்ளைகள் கணக்கில் தடுமாறுவதற்கு 'வேலை' என்ற சொல்லே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். வீட்டில் வேலை என்றால் களைப்பு. பௌதிகத்தில் வேலை என்றால் விசையையும் விசையின் திசையில் நகர்ந்த தூரத்தையும் பெருக்கி வருவது. "இலகுவாக்கும்" என்பதைப் பிள்ளைகள் "குறைக்கும்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் கணக்கில் இரண்டு பக்கமும் ஒரே யூல் (வேலையை அளக்கும் அலகு) வரும்போது பிழை விட்டுவிட்டோம் என்று அழித்து எழுதுகிறார்கள். வரைவிலக்கணத்தைக் கொப்பியில் கொஞ்சம் நீட்டி எழுதிக் கொடுங்கள்: விசையின் அளவையோ, திசையையோ, தூரத்தையோ நமக்கு வசதியானபடி மாற்றித் தரும் அமைப்பு எளிய பொறி. அது வேலையைக் குறைக்காது. உண்மையில் உராய்வினால் கொஞ்சம் கூட்டிவிடும்.

'திசை' என்பதை நான் சேர்த்ததற்கு ஒரு கதை உண்டு. படிப்பிக்கத் தொடங்கிய முதல் வருடம், கிணற்றுக் கப்பியைக் காட்டி, "கப்பி இருப்பதால் பாரம் குறைகிறது" என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். பின்வரிசையில் ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை. "இல்லை சேர், வாளி அதே பாரம்தான்" என்றான். அதட்டி இருத்திவிட்டேன். அன்று பின்னேரம் மனம் கேட்கவில்லை. 1 லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தராசில் தூக்கிப் பார்த்தேன்: 10 நியூற்றன். பாடசாலைக் கிணற்றின் துருப்பிடித்த கப்பி வழியாக இழுத்துப் பார்த்தேன்: 12. பாரம் குறையவில்லை, கூடியிருந்தது. மறுநாள் வகுப்பில் அவனை எழுப்பி, நீ சொன்னதுதான் சரி என்றேன்.

அப்படியானால் எதற்குக் கப்பி? கிணற்றுக் கட்டில் குனிந்து மேல்நோக்கி இழுத்தால் முதுகு போய்விடும். நிமிர்ந்து நின்று கீழ்நோக்கி இழுத்தால் நம் உடம்பின் பாரமே நமக்கு உதவி செய்யும். நிலையான கப்பி தருவது அந்த வசதியை மட்டும்தான். நிலையான கப்பிக்கு முன்னால் அசையும் கப்பியைப் படிப்பித்தால் இந்த வேறுபாடு நன்றாகப் பிடிபடும். புத்தகம் வேறு ஒழுங்கில் இருந்தாலும் பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை. தராசைத் தலைகீழாகப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தால் அதன் சொந்தப் பாரம் வாசிப்பைக் கொஞ்சம் மாற்றிவிடும். அதே நிலையில் வெறுமனே பிடித்துப் பூச்சியத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

கப்பி கிடைக்காவிட்டால் தும்புத்தடி போதும். இதை ஒருமுறை செய்தால் வகுப்பு மறக்காது. இரண்டு பெரிய மாணவர்கள் ஆளுக்கொரு தடியை அரை மீற்றர் இடைவெளியில் பிடித்துக்கொள்ளட்டும். மெல்லிய நைலோன் கயிற்றை ஒரு தடியில் கட்டி, மற்றத் தடியைச் சுற்றி, மீண்டும் முதல் தடிக்கு வந்து, இப்படி இடையில் நான்கு இழைகள் ஓடும்படி செய்யுங்கள். நம் ஊரில் நைலோன் கயிறுக்கா பஞ்சம்! தும்புக் கயிறு வேண்டாம், உராய்வு எல்லாவற்றையும் தின்றுவிடும். வகுப்பில் ஆகச் சின்னப் பிள்ளை கயிற்றின் நுனியை இழுக்கட்டும். இரண்டு பெரியவர்களும் எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் தடிகள் கிட்டக் கிட்ட வரும். சிரிப்பு அடங்கியதும் அளவுநாடாவை எடுங்கள். தடிகள் 10 சென்ரிமீற்றர் நெருங்க, கயிறு 40 சென்ரிமீற்றர் வந்திருக்கும். நாம் இழுத்த தூரத்தைச் சுமை நகர்ந்த தூரத்தால் பிரித்து வரும் வேக விகிதம் 4 என்பதை இனி மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இழைகளை எண்ணினால் சரி. விரல்களைத் தடிகளுக்கு நடுவே வைக்கக் கூடாது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எண்கள் பிறகு வரட்டும். முதலில் கை, அப்புறம் எண், கடைசியாகப் பெயர். பொறிமுறை நயம், வேக விகிதம், வினைத்திறன் என்ற மூன்று பெயர்களையும் முதல் நாளே கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள். அசையும் கப்பியில் அதே 10 நியூற்றன் போத்தலைத் தொங்கவிட்டு அளந்தால் 5 வராது. கப்பியின் பாரமும் உராய்வும் சேர்ந்து 6 அளவில் காட்டும். போத்தலை அரை மீற்றர் உயர்த்தக் கிடைத்த வேலை 5 யூல். நாம் 6 நியூற்றனால் 1 மீற்றர் இழுத்ததால் கொடுத்த வேலை 6 யூல். ஐந்தை ஆறால் பிரித்தால் வினைத்திறன் ஏறக்குறைய 83 வீதம். சுமையை எத்தனத்தால், அதாவது நாம் கொடுக்கும் விசையால், பிரித்து வரும் பொறிமுறை நயமான 1.67ஐ வேக விகிதமான 2ஆல் பிரித்தாலும் அதே விடை வரும். இரண்டு வழியிலும் செய்ய விடுங்கள். ஒரே விடை வரும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்.

சாய்தளத்துக்கு உங்களிடம் உதாரணம் நிறைய இருக்கும். நெல் மூட்டையோ சீமெந்துப் பையோ லொறியில் ஏற்ற ஒரு பலகையைச் சாய்த்து வைப்பார்கள். 50 கிலோ சீமெந்துப் பை என்றால் 500 நியூற்றன். லொறித் தட்டு 1 மீற்றர் உயரம், பலகை 4 மீற்றர் நீளம் என்றால், உராய்வு இல்லாவிட்டால் 125 நியூற்றன் போதும். ஆனால் பையைப் பலகையில் தேய்த்து இழுத்தால் உராய்வு அதைவிடக் கூடுதலாக வாங்கிவிடும். சில்லு வைத்த தள்ளுவண்டியில் ஏற்றினால் 125க்குக் கிட்ட வரும். வகுப்பில் ஒரு போத்தலைப் பலகையில் இழுத்தும், பிறகு விளையாட்டு வண்டியில் வைத்தும் அளந்து பார்க்கலாம். மற்றப் பாரத்தை இங்கே யார் தாங்குகிறார்கள்? மெல்லிய பலகையாக எடுங்கள். நடுவில் வளைவது கண்ணுக்கே தெரியும்.

திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போன பிள்ளைகளிடம், கோட்டை வாசலிலிருந்து மேலே போகும் வீதி ஏன் சுற்றிப் போகிறது என்று கேளுங்கள். திருகாணியில் புரி சுற்றுவதும் அதே கதைதான். திருகு என்பது உருளையில் சுற்றிய சாய்தளம். அங்கேயுள்ள இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவை இராவணன் வாளால் பிளந்ததாகச் சொல்லும் ஐதீகம் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். வாளின் கூரும் கோடரியும் ஆப்புத்தான் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். இவை இரண்டிலும் அளவீட்டுக்கு நேரம் செலவிட வேண்டாம்.

நெம்புக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள். 30 சென்ரிமீற்றர் அடிமட்டமும் ஒரு பென்சிலும் நாணயங்களும் போதும். பலர் பென்சிலை 10 சென்ரிமீற்றரில் வைத்துத் தொடங்குவார்கள்; அடிமட்டத்தின் சொந்தப் பாரம் ஒரு பக்கம் சாய்ந்து கணக்கைக் குழப்பும். பென்சிலைச் சரியாக 15இல் வையுங்கள். உருண்டைப் பென்சில் ஓடும், பட்டை வைத்ததை எடுங்கள். பென்சிலிலிருந்து ஒரு பக்கம் 6 சென்ரிமீற்றர் தூரத்தில் இரண்டு நாணயம், மறுபக்கம் 12 சென்ரிமீற்றர் தூரத்தில் ஒன்று. அது சமநிலைக்கு வந்ததும், அடுத்தது எங்கே வைக்க வேண்டும் என்று வைக்கும் முன்னரே சொல்லக் கேளுங்கள்.

வெளியே போனால் அலவாங்கு இருக்கிறது. கல்லைக் கிளப்பச் சின்னக் கல்லொன்றை அண்டை கொடுப்பார்கள், அதுதான் பொறுதி. உப்புவெளிக் கடற்கரை மணலில் இதைச் செய்தால் அண்டைக் கல் மணலுக்குள் புதையும். ஏனென்றால் அது சுமையையும் நம் எத்தனத்தையும் சேர்த்துத் தாங்குகிறது. ஒரு பலகைத் துண்டைக் கீழே போட வேண்டும் என்று மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகள் உங்களுக்கே சொல்லித் தருவார்கள். ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியில் மிச்சப் பாரத்தைச் சில்லு தாங்குகிறது.

நெம்பின் மூன்று வகைகளையும் பாடமாக்க வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. நடுவில் இருப்பது எது என்ற ஒரு கேள்வி போதும். அலவாங்கில் பொறுதி நடுவில். பாக்குவெட்டியில் பாக்கு, அதாவது சுமை, நடுவில். தூண்டில் தடியில் இழுக்கும் கை நடுவில். தூண்டிலைத் தவறவிடாதீர்கள். அதில் மீனின் பாரத்தைவிடக் கூடுதலான விசை கொடுக்கிறோம். பொறி என்றால் விசையைக் குறைக்கும் என்று நினைத்திருந்த பிள்ளை அங்கே திடுக்கிடும். கை ஒரு சாண் அசைய, தடி நுனி ஆள் உயரத்துக்கு எழும்புகிறதே, அந்தத் தூரத்துக்காகத்தான் அவ்வளவு விசையும்.

சயிக்கிளும் அப்படியே. இதை வீட்டு வேலையாகக் கொடுக்கலாம். பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் கால் போகும் தூரம் ஏறக்குறைய 1 மீற்றர். சயிக்கிள் எவ்வளவு தூரம் போகிறது என்று முற்றத்தில் கோடு போட்டு அளந்து வரச் சொல்லுங்கள். சாதாரண பெரிய சயிக்கிளில் 5 மீற்றர் அளவில் வரும்; சின்னச் சயிக்கிளில் வேறாக வரும். முன்பல்லையும் பின்பல்லையும் எண்ணி எழுதிக்கொண்டு வரட்டும். மறுநாள் முதல் பாடவேளையில், ஆளுக்கொரு எண்ணோடு வந்து நிற்கும்போது, கரும்பலகை மூலையில் இருக்கும் கேள்வியை அந்த மாணவனையே வாசிக்க விடுங்கள்.