விடியல் படத்தை ஓவியமாக்குவதற்கு முன்

கேள்வி: வணக்கம் அண்ணே. பினாங்கு ஜார்ஜ்டவுனில், கடலில் தூண்கள் மேல் மரவீடுகள் நிற்கும் சியூ ஜெட்டியில் விடியற்காலையில் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். பட்டர்வொர்த் பக்கம் சூரியன் எழுகிறது; முன்னால் மரவீடுகளும் சம்பான் படகுகளும். கைப்பேசியில் எடுத்து, செயலியில் எச்டிஆர் (வெளிச்சப் பகுதியும் நிழல் பகுதியும் ஒருசேரத் தெரியவைக்கும் வசதி) போட்டு, அதன் மேல் எண்ணெய் ஓவிய ஃபில்டரும் போட்டேன். எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் வீட்டில் எல்லாரும் "நாள்காட்டிப் படம் மாதிரி இருக்கே" என்கிறார்கள். சுங்கை பட்டாணியில் தங்கை புதுமனை புகுகிறாள். கேன்வாசில் பெரிதாக அச்சிட்டுக் கொடுக்க ஆசை. இதையே சரிசெய்யலாமா, மறுபடி எடுக்க வேண்டுமா? நண்பரின் கேமராவும் ட்ரைபாடும் கிடைக்கும்.
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: மறுபடி எடுங்கள். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தகரக் கூரை வானத்தைத் தொடும் விளிம்பு நெடுக வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறது. மேகங்களின் அடிப்பக்கம் அழுக்குச் சாம்பல் நிறம். பலகைகளுக்குக் கீழே, இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில், தூண்களில் ஒட்டிய சிப்பிகூடத் தெரிகிறது. இப்போதைய கைப்பேசிகள் பெரும்பாலும் பொத்தானை அழுத்தும்போதே பல படங்களை எடுத்து ஒன்றாக்கிவிடும். எச்டிஆர் அங்கேயே முடிந்துவிட்டது. செயலியில் மறுபடி போட்டது, உப்புப் பார்த்து இறக்கிய குழம்பில் இன்னொரு கரண்டி உப்பு. அதிலும் அது ஜேபெக் கோப்பு. ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். அதிகம் இழுத்தால் வானம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும்.

எச்டிஆர் என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. வெவ்வேறு எக்ஸ்போஷரில், அதாவது வெவ்வேறு வெளிச்ச அளவில், எடுத்த படங்களைச் சேர்த்து, வானமும் நிழலும் கெடாத ஒரே கோப்பாக்குவது முதல் வேலை. இதில் பித்தலாட்டம் ஒன்றும் இல்லை. 1850களிலேயே பிரான்சில் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே சில கடல் காட்சிகளை வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று சேர்த்துத்தான் அச்சிட்டார். அந்தக் கோப்பின் பெரிய வெளிச்ச வித்தியாசத்தைத் திரைக்கும் காகிதத்துக்கும் அடங்கும்படி சுருக்குவது இரண்டாவது வேலை. டோன் மேப்பிங் என்பார்கள். நாள்காட்டித்தனம் நுழைவது இங்கேதான். நிழலையெல்லாம் தூக்கி, வெளிச்சத்தையெல்லாம் இறக்கி, மூலைக்கு மூலை கான்ட்ராஸ்டை ஏற்றிவிட்டால், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே கண்ணுக்குப் பிடிபடாது.

ஓவியச் சாயலுக்கு இது நேர் எதிரி. ஓவியர் சம்பானின் ஆணியை எல்லாம் வரைவதில்லை. பாதிப் படகை நிழலில் விட்டுவிடுவார். எச்டிஆர் ஃபில்டர் நுணுக்கங்களைக் கூட்டிக்கொண்டே போகும், ஓவியத்துக்கோ அவற்றைக் கழிக்க வேண்டும். இரண்டையும் முழு அளவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டதால்தான் உங்கள் படத்தில் கயிறு, சிப்பி, தகர வரி எல்லாம் புழுப் புழுவாக நெளிகின்றன.

சரி, ஜெட்டிக்குத் திரும்பப் போகும்போது முதலில் எச்டிஆர் தேவையா என்று அளந்து பாருங்கள். அப்பெர்ச்சர் மோடில் (லென்ஸ் திறப்பை நாம் வைப்போம், ஷட்டர் வேகத்தைக் கேமரா சொல்லும்) திறப்பை எஃப் 8, ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 100 வைத்து, வானத்தின் பளிச்சென்ற பகுதியை மட்டும் நோக்கி ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். பிறகு வீட்டு நிழலை நோக்குங்கள். வானம் 1/125, நிழல் 1/4 என்றால் இடைவெளி ஐந்து ஸ்டாப், அதாவது வெளிச்சம் ஐந்து முறை இரட்டிப்பாகும் தூரம். இந்த அளவை இன்றைய நல்ல கேமராவின் ஒரே ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) தாங்கும். வானம் வெளிறாமல் எடுத்து, நிழலைப் பிறகு கொஞ்சம் தூக்கினால் போதும். சூரியன் மலைக்கு மேல் முழுதாக வந்துவிட்டால் இடைவெளி எங்கேயோ போய்விடும். அப்போது பிராக்கெட்டிங்கில், அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் அடுத்தடுத்து எடுக்கும் முறையில், –2, 0, +2 ஸ்டாப் என்று மூன்று படங்கள். சூரியனே ஃபிரேமுக்குள் இருந்தால் ஐந்து. மாற வேண்டியது ஷட்டர் மட்டுமே.

ஜெட்டியில் ஒரு சிக்கல் உண்டு: தரை பலகை. யாராவது நடந்தால் ட்ரைபாடும் சேர்ந்து ஆடும். நடமாட்டம் நின்ற பிறகு, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். மக்கள் குடியிருக்கும் வீடுகள் அவை; அந்த நேரத்தில் சத்தம் போடாமல் இருப்பதும் நல்லது. அடுத்தது சம்பான். அலையில் ஆடும் படகு மூன்று படத்திலும் ஒரே இடத்தில் இருக்காது. சேர்த்தால் அதற்கு இரண்டு மூக்கு முளைக்கும். லைட்ரூம் மென்பொருளில் படங்களைச் சேர்க்கும் எச்டிஆர் மெர்ஜில் இந்தப் பேய்ப்பிம்பத்தை நீக்கும் வசதி இருக்கிறது. அதிலும் சரியாக வராவிட்டால், நடு எக்ஸ்போஷரில் இருக்கும் படகை மட்டும் மாஸ்க் போட்டு (மற்றதை மறைத்து) மேலே வையுங்கள். காசில்லாமல் வேண்டுமென்றால் ஹியூகின் என்ற இலவச மென்பொருளோடு வரும் என்ஃபியூஸ் இருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் நன்றாக விழுந்த பகுதியை எடுத்துக் கலப்பதால், அதன் முடிவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

டோன் சரிசெய்யும்போது தண்ணீரைப் பாருங்கள். தண்ணீரில் விழும் வானத்தின் பிம்பம் வானத்தைவிட மங்கலாகத்தான் இருக்கும். உங்கள் படத்தில் தலைகீழ்: கடல் மின்னுகிறது, வானம் கறுத்துக் கிடக்கிறது. இதைப் பார்க்கிறவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது. "போலியா இருக்கே" என்று மட்டும் தோன்றும். பலகைக்கு அடியில் கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும். புகைமூட்டம் உள்ள நாளாக இருந்தால் மூட்டத்தை விலக்கும் டீஹேஸ் ஸ்லைடரைத் தொடவே வேண்டாம் என்பேன். எதிர்க்கரை மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மங்கிப் போவது ஓவியத்துக்குத் தானாக வந்த வரம்.

இனி ஓவியச் சாயல். ஃபில்டருக்கு முன்பே பாதியை முடித்துவிடலாம். வானத்திலும் தண்ணீரிலும் நுணுக்கத்தைத் தூக்கிக்காட்டும் கிளாரிட்டி, டெக்ஸ்சர் ஸ்லைடர்களை –20, –30 என்று இறக்குங்கள். படகிலும் ஒரே ஒரு வீட்டு முகப்பிலும் மட்டும் அப்படியே விடுங்கள். பிறகு ஆர்டன் முறை. 1980களில் புகைப்படக்காரர் மைக்கேல் ஆர்டன் தெளிவான ஃபிலிம் ஸ்லைடு ஒன்றையும் ஃபோகஸ் தவறிய ஸ்லைடு ஒன்றையும் கூடுதல் வெளிச்சத்தில் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து உண்டாக்கியது இது. போட்டோஷாப்பில் லேயரை நகலெடுத்து, 24 மெகாபிக்சல் படத்துக்கு 25, 30 பிக்சல் காஷியன் பிளர் (மங்கலாக்கும் ஃபில்டர்) கொடுத்து, கீழ் லேயரோடு கலக்கும் சாஃப்ட் லைட் மோடில் ஒபாசிட்டியை, அதாவது மேல் லேயர் தெரியும் அளவை, 20 சதவீதத்துக்கு இறக்குங்கள். நிழல் கூடுதலாக இருண்டால் இன்னும் குறையுங்கள். பலருக்கு இதுவே போதும். நான் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திக்கொள்ளச் சொல்வேன்.

எண்ணெய் ஓவிய ஃபில்டர்தான் வேண்டும் என்றால், படத்தை அச்சு அளவுக்கு மாற்றிய பிறகு போடுங்கள். தூரிகை வீச்சின் பருமன் பிக்சல் கணக்கில் வருவது. சின்னப் படத்தில் அழகாக இருந்த வீச்சு பெரிய படத்தில் காணாமல் போகும். 24 அங்குலத்துக்கு 36 அங்குலக் கேன்வாசுக்கு, அங்குலத்துக்கு 150 பிக்சல் என்று வைத்தால் 3600க்கு 5400. கேன்வாசின் இழைநெசவு நுணுக்கத்தை விழுங்கிவிடும் என்பதால் 300க்கு அலைய வேண்டியதில்லை. ஃபில்டரைத் தனி லேயரில் போட்டு, கூரை விளிம்பு, மின்கம்பி, பெயர்ப்பலகை எழுத்து, மனித முகம் ஆகியவற்றிலிருந்து பிரஷால் அழித்துவிடுங்கள். வானத்தில் ஃபில்டர் முழுதாக, தண்ணீரில் பாதியாக இருக்கட்டும். ஃபில்டரின் லைட்டிங் வசதியையும் அணைத்து வையுங்கள். அது ஏற்றும் பளபளப்பு பெரிய அச்சில் பிளாஸ்டிக் மாதிரி தெரியும்.

படத்தைப் போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், பல படங்களைச் சேர்ப்பதையும் இந்த மாதிரி ஃபில்டர்களையும் அனுமதிக்கிறார்களா என்று விதிகளைப் படித்துவிடுங்கள்.

அச்சுக் கடையில் நேரடியாக முழு அளவுக்குச் சொல்லிவிடாதீர்கள். வானமும் ஜெட்டியின் இருட்டும் சேர்ந்து வரும் ஒரு துண்டை மட்டும் அதே கேன்வாசில் அடித்துக் கேளுங்கள். திரையில் பார்ப்பதைவிட அச்சு மங்கலாகவே வரும். அதைப் பார்த்து வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். மரச்சட்டத்தில் மடித்து அடிக்க நான்கு பக்கமும் ஏறக்குறைய இரண்டு அங்குலம் போகும். எத்தனை என்று கடையில் முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, அந்த இடத்தை விட்டே எடுங்கள். ஓரத்தை ஒட்டி நிற்கும் சம்பானின் மூக்கு சட்டத்தின் பக்கவாட்டுக்குப் போய்விடக்கூடாது.