என் மகன் ரக்பி லீக் ஆட்டத்தையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா?

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: சிட்னியில் இருக்கிறீர்கள், மகனுக்கு 16 வயது, பந்தைக் கையில் ஏந்தி ஓடி மோதுகிற இந்த ஆட்டத்துக்கு ஒரு கிளப்பின் இளையோர் அணியில் அழைத்திருக்கிறார்கள், எச்.எஸ்.சி. (பள்ளி இறுதித் தேர்வு) படிப்பு கெட்டுவிடுமோ என்று பயம். எழுதாமல் விட்டதை நானே ஊகித்துக்கொள்கிறேன். வீட்டில் இரண்டு கட்சி. ஊரிலிருந்து யாராவது தொலைபேசியில், "கையைக் காலை உடைத்துக்கொள்ளவா அவ்வளவு தூரம் போனீர்கள்?" என்று கேட்டிருப்பார்கள்.

எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான். என் மகன் ஹரால்ட் மேத்யூஸ் கோப்பை (17 வயதுக்குட்பட்டோர்), எஸ்.ஜி. பால் கோப்பை (19), ஜெர்சி ஃபிளெக் கோப்பை (21) ஆகிய மூன்றிலும் ஆடினான். அதற்கு மேலே நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் கோப்பை, எல்லாவற்றுக்கும் மேலே தேசியத் தொழில்முறைத் தொடரான என்.ஆர்.எல். அந்த உச்சிக்கு அவன் போகவில்லை. "போய்ச் சேராதவனின் அப்பன் எரிச்சலில் எழுதுகிறான்" என்று இந்நேரம் யாராவது பதில் தட்டத் தொடங்கியிருப்பார்கள். தட்டட்டும். போய்ச் சேர்ந்தவர்களின் அப்பாக்கள் யாரும் இந்தத் தளத்தில் வந்து உங்களுக்குப் பதில் எழுதி நான் பார்த்ததில்லை.

தொழிலாக எடுத்துக்கொள்ளலாம், கையில் இன்னொரு தொழிலையும் வைத்துக்கொண்டு. இந்த ஆட்டம் பிறந்ததே அப்படித்தான். 1895 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்குப் பகுதிக் கிளப்புகள் கூடி, ரக்பி சங்கத்திலிருந்து பிரிந்துபோயின. சண்டை கூலியைப் பற்றி. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும். அதை ஈடுகட்டினால் ஆட்டத்தின் தூய்மை கெட்டுவிடும் என்று, கூலி வாங்கிப் பழக்கமில்லாத கனவான்கள் பிடிவாதம் பிடித்தார்கள். பிரிந்து வந்தவர்கள் நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை ஈடு கொடுக்கலாம் என்றார்கள். 1898-ல் வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியபோதும், ஆடுகிறவனுக்கு வேறொரு நிலையான வேலை இருந்தாக வேண்டும் என்று விதி வைத்தார்கள். 1906-ல்தான் ஓர் அணிக்கு 15 பேர் என்பது 13 பேரானது. 1908-ல் சிட்னியில் முதல் போட்டித் தொடர் நடந்தது. இந்த வரலாறு தெரிந்த பிறகுதான் என் மகனின் ஆட்டத்தின் மீது எனக்கு மரியாதை வந்தது. அதற்கு முன் கபடியைப் பந்து வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்ற அளவில்தான் என் ஞானம் இருந்தது.

2023 நிலவரப்படி பணக்கணக்கு இது. 2023-லிருந்து என்.ஆர்.எல்.லில் 17 அணிகள். ஒவ்வொன்றிலும் முதன்மைப் பட்டியலில் 30 பேர். ஆக 510 இடங்கள். நியூசிலாந்திலிருந்தும் பசிபிக் தீவுகளிலிருந்தும் வருகிற மலை போன்ற பிள்ளைகளுக்கும் சேர்த்தே இந்த 510. 2023-ல் ஓர் அணியின் ஆண்டுச் சம்பள உச்சவரம்பு 1.21 கோடி ஆஸ்திரேலிய டாலர், பட்டியலில் இருப்பவருக்குக் குறைந்தபட்சம் 1,20,000 டாலர். கேட்க நன்றாக இருக்கிறது. பட்டியலுக்கு வெளியே நிற்கிறவனுக்கு, "பயிற்சிக்கு வா, பிறகு பார்க்கலாம்" என்கிற வகை ஒப்பந்தம்தான். கீழ்மட்டக் கோப்பைகளில் ஆடுகிறவர்கள் பலர் பகலில் கட்டட வேலைக்கோ குழாய் வேலைக்கோ போய்விட்டு, சாயங்காலம் அதே காலணிச் சேற்றோடு பயிற்சிக்கு வருகிறார்கள்.

என் மகனும் எலக்ட்ரீஷியன் பயிற்சியில் இருந்துகொண்டுதான் ஆடினான். "மருத்துவருக்குப் படிக்கவேண்டிய பிள்ளையை ஒயர் இழுக்க அனுப்பிவிட்டார்" என்று நம்மவர்கள் கூடுகிற பென்டில் ஹில் பகுதியில் மளிகைக் கடை வரிசையில் நின்றுகொண்டே என் காதுபடப் பேசினார்கள். பேசியவர் வீட்டில் மின்விசிறி மாட்டிக்கொடுத்தவன் அவன்தான். பணம்கூட வாங்கவில்லை.

அவன் ஆடியது ஹூக்கர் இடத்தில். மோதலுக்கு நட்டநடுவில் நிற்கிறவன். பெரிய ஆட்டங்களில் ஒரு ஹூக்கர் 40 முறைக்கு மேல் எதிராளியை மடக்குவது சாதாரணம். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் சமையலறை முக்காலியில் உட்காருவான். தோளில் குறுக்கும் நெடுக்குமாகத் தடித்த பழுப்பு டேப் ஒட்டியிருக்கும். வெறுமனே உரித்தால் முடியும் தோலும் சேர்ந்து வரும். என் மனைவி தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு ஓரத்தில் ஊறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உரிப்பாள். அவன் மறுகையால் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். வலது காது மடல் அதற்குள் தடித்துச் சுருண்டுவிட்டது. கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் காதையா பார்க்கப்போகிறார்கள் என்பான் அவன். முதலில் காதைத்தான் பார்ப்பார்கள் என்பாள் அவள்.

காதாவது போகட்டும். தலை அப்படியில்லை. ஓர் ஆட்டத்தில் எதிராளியின் முழங்கால் அவன் நெற்றியில் பட்டது. உதவியாளர் ஓடிப்போய் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டிருக்கிறார்: இது எந்த மைதானம், முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன வாரம் யாருடன் ஆடினாய்? மைதானத்தின் பெயருக்கு அவன் தன் ஆரம்பப் பள்ளியின் பெயரைச் சொல்லியிருக்கிறான். உடனே வெளியே அழைத்துவந்துவிட்டார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். என்.ஆர்.எல்.லிலும் மூளை அதிர்வு உறுதியானால் பொதுவாகக் குறைந்தது 11 நாள் ஆடக்கூடாது என்று 2023-ல் விதி கொண்டுவந்தார்கள்.

உங்கள் மகன் ஜோனதன் தர்ஸ்டனைக் காட்டுவான். எல்லாப் பையன்களும் காட்டுவார்கள். காட்டவேண்டிய ஆள்தான். உடம்பு சிறியது என்று கிளப்புகள் ஒதுக்கிய பிரிஸ்பேன் பூர்வகுடிப் பிள்ளை. சிட்னியின் புல்டாக்ஸ் அணி சேர்த்துக்கொண்டது. 2004-ல் அந்த அணிக்கு என்.ஆர்.எல். சாம்பியன் பட்டம். காயத்தால் இறுதியாட்டத்தில் ஆட முடியாத கேப்டன் ஸ்டீவ் பிரைஸிடம் தன் வெற்றி மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ் அணிக்குப் போய், ஆண்டின் சிறந்த வீரருக்கான டாலி எம் பதக்கத்தை நான்கு முறை வென்றார். 2015 இறுதியாட்டத்தில் நேரம் முடிந்து 16-16 என்று நிற்க, பக்கவாட்டுக் கோட்டோரத்திலிருந்து வெற்றிக்காக அவர் உதைத்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கூடுதல் நேரத்தில் அவரே ஒரு ஃபீல்டு கோல் (ஆட்டத்தின் நடுவே கம்பங்களுக்கு இடையே உதைத்து எடுக்கும் ஒரு புள்ளி) உதைத்து 17-16 என்று முடித்தார். அந்த இரவு எங்கள் தெருவே கத்தியது.

பையன்கள் பார்க்காத பக்கம் ஒன்று உண்டு. 2004-ல் அவருடைய பயிற்சியாளர் ஸ்டீவ் ஃபோக்ஸ். 2015-ல் பயிற்சியாளர் பால் கிரீன். இருவரும் முன்னாள் வீரர்கள். ஃபோக்ஸ் 2018-ல் 59 வயதில் மாரடைப்பில் இறந்தார், கிரீன் 2022-ல் 49 வயதில் இறந்தார். குடும்பத்தார் தானம் செய்த மூளைகளை ஆராய்ந்தபோது, திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதோடு தொடர்புடைய சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய் இருவருக்குமே இருந்தது தெரிந்தது. பயமுறுத்துகிறேன் என்பீர்கள். கணக்கில் இதையும் சேருங்கள் என்கிறேன், அவ்வளவுதான். என் மகனை நான் நிறுத்தவில்லையே.

நிறுத்தியது கிளப்தான். பருவம் முடிந்ததும் ஓர் அறைக்குக் கூப்பிட்டு, "உன் மனப்பான்மை அருமை, உழைப்பு அருமை" என்று பாராட்டிவிட்டு, அடுத்த ஆண்டுக்கு இடமில்லை என்றார்கள். அன்று இரவே அணியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவனை நீக்கிவிட்டார்கள். இடம் போனதைவிட அதுதான் அவனை வாட்டியது. ஆனாலும் மறுநாள் விடியற்காலையில் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான். அவனோடு சேர்த்து அனுப்பப்பட்ட இன்னொரு பையன் பள்ளியை விட்டதிலிருந்து பந்தைத் தவிர எதையும் தொட்டதில்லை. பல மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்று அவன் அம்மா என் மனைவியிடம் சொல்லி அழுதார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: எம்-4 சாலைக் கட்டணம். 2010-ல் எடுத்தார்கள், 2017-ல் மறுபடியும் போட்டார்கள். பாரமாட்டாவுக்குக் கிழக்கே பயிற்சி என்றால் போகும்போதும் அழ வேண்டும், வரும்போதும் அழ வேண்டும். மேற்கு சிட்னிக்காரன் என்றால் அவ்வளவு இளக்காரம். இதை எதிர்த்து மனு கொடுக்கலாம் வாருங்கள் என்றால் நம்மவர்கள் வர மாட்டார்கள், அன்றைக்கு யார் வீட்டிலாவது கிரகப்பிரவேசம் இருக்கும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கிளப்காரர்கள் ஜெர்சியும் பையும் கொடுத்து அசத்துவார்கள். கையெழுத்துப் போடுமுன், தோள் அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் செலவு யாருடையது, படிப்புக்கு உதவித்தொகை உண்டா, தேர்வு வாரத்தில் பயிற்சிக்கு விலக்கு கிடைக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சிரித்து மழுப்பினால் இன்னொரு முறை கேளுங்கள். மகன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. ஹூக்கர் என்றால் கருத்துப் பகுதியில் சொல்லுங்கள், தோளைப் பலப்படுத்த என் மகன் செய்த பயிற்சிகளை அவனிடம் கேட்டு எழுதுகிறேன்.