நகர வளர்ச்சித் திட்டத்தில் மக்களிடம் கருத்துக் கேட்பதால் ஏதாவது மாறுமா, இல்லை வெறும் சடங்குதானா?

எப்போது கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வரைபடம் முடிவான பிறகு கூட்டம் போட்டால் அது சடங்குதான். அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-லேயே மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் அதில் நடுப்படிகள்தான்; முடிவெடுப்பதில் பங்கு கிடைப்பது மேல்படிகளில்.

ஒழுங்காகச் செய்ததற்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் சிட்டி வட்டாரம் நல்ல உதாரணம். 1997-இல் தொடங்கிய 'என்விஷன் யூட்டா' முயற்சியில், வரப்போகும் மக்கள்தொகையைக் குறிக்கும் சில்லுகளைக் கொடுத்து, வரைபடத்தில் எங்கே வைப்பீர்கள் என்று மக்களிடமே கேட்டார்கள். "எங்கள் தெருவில் அடுக்குமாடி வேண்டாம்" என்று சொல்வது சுலபம். ஆனால் கையில் உள்ள சில்லை எங்காவது வைத்தே ஆக வேண்டுமே! பரவலாக வைத்தால் விளைநிலம் போகும், சாலை, குடிநீர்க் குழாய்ச் செலவு ஏறும். அப்புறம் நான்கு எதிர்காலங்களை ஒப்பிட்டு மக்கள்முன் வைத்தபோது, நெருக்கமான குடியிருப்பும் பொதுப் போக்குவரத்தும் கொண்ட வழிக்கே ஆதரவு அதிகம் கிடைத்தது.

இப்படிக் கருத்துக் கேட்பதில் பெரிய ஓட்டை, கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்பது. பெரும்பாலும் வயதானவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் இரவு வேலைக்காரர்களையும் தேடிப் போய்த்தான் கேட்க வேண்டும். சொன்ன கருத்துகளில் எதை ஏற்றார்கள், எதை ஏன் விட்டார்கள் என்று எழுத்தில் பதில் வரவில்லையென்றால், அடுத்த கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.