வாட்ஸ்அப் குழு அட்மின் என்பதற்காகவே கைது செய்வார்களா?

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாயில் கோழிக்கழிவு கொட்டுவதை எதிர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். நானும் அம்மாவும் (வயது 61) அட்மின். முந்நூறு பேர் சேர்ந்தார்கள். தாலுகா அலுவலகம் முன் ஆர்ப்பாட்டம் என்று அறிவித்திருந்த நேரத்தில், உறுப்பினர் ஒருவர் வேறு சாதியினரை இழிவாகப் பேசி ஆடியோ போட்டுவிட்டார். ஸ்டேஷனிலிருந்து போன் செய்து, "ரெண்டு பேரும் போனோடு வாங்க" என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், "குழுவை அழிச்சிடு, இருபதாயிரம் கொடு, எஃப்.ஐ.ஆர்.ல பேர் வராம பாத்துக்கிறேன்" என்கிறார். குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். என்ன செய்வது?
- ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: முதலில், அந்த இருபதாயிரத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் மேல் எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா என்பதே இன்னும் தெரியவில்லை. யாராவது மனு கொடுத்து, அதற்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போட்டிருக்கலாம். சி.எஸ்.ஆர். வழக்கு அல்ல. இந்த வித்தியாசம் மக்களுக்குத் தெரியாததுதான் இடைத்தரகர்களின் மூலதனம். போடாத எஃப்.ஐ.ஆரிலிருந்து பெயரை எடுத்ததாகச் சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். போட்ட எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யவோ உயர் நீதிமன்றத்தால்தான் முடியும், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவரால் முடியாது. எஃப்.ஐ.ஆர். பதிந்த 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்.

சரி, அட்மின் விஷயம். உறுப்பினர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் குற்றவாளி ஆக மாட்டீர்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021-ல் இப்படித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், அட்மினாக இருந்ததைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்றால் குற்றப்பத்திரிகையில் பெயரை நீக்க வேண்டும் என்றது. ஆனால் அந்த ஆடியோவுக்கு நீங்கள் கட்டைவிரல் போட்டிருந்தாலோ, வேறு குழுவுக்கு அனுப்பியிருந்தாலோ கதை வேறு. ஃபார்வர்டுதானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். 2018-ல் வேறொருவர் எழுதியதை முகநூலில் பகிர்ந்த எஸ்.வி.சேகர், வழக்கை ரத்து செய்யக் கோரி உச்ச நீதிமன்றம் வரை போயும் நடக்கவில்லை.

குழுவை அழிக்கவே கூடாது. உங்களைக் காப்பாற்றப்போவதே அதில் இருக்கும் பதிவுகள்தான். அழித்தால் ஆதாரத்தை அழித்தார் என்று புதிதாக ஒரு குற்றச்சாட்டு முளைக்கும். சாட் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து இரண்டு இடங்களில் வையுங்கள். ஆடியோவையும், யார் எத்தனை மணிக்குப் போட்டார் என்பது தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் அந்த ஒரு பதிவை மட்டும் எல்லோருக்கும் நீக்குங்கள், போட்டவரை வெளியேற்றுங்கள், 'இதை இந்தக் குழு ஏற்கவில்லை' என்று குழுவிலேயே எழுதுங்கள். இதை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

போனில் கூப்பிட்டால் அது சம்மன் ஆகாது. உங்களைச் சந்தேக நபராக விசாரிக்க வேண்டுமென்றால் பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) 35(3) பிரிவில் எழுத்துமூலம் நோட்டீஸ் தர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸ் கையில் வந்தால் அவசியம் போங்கள். போய்க்கொண்டிருப்பவரைக் காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது. இத்தனை தீர்ப்புகள் வந்த பிறகும், 'சும்மா வந்துட்டுப் போங்க' என்று கூப்பிட்டு நாள் முழுக்க பெஞ்சில் உட்கார வைக்கும் பழக்கம் நிற்கவில்லை. ஒவ்வொரு தீர்ப்பையும் கையில் எடுத்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் காட்ட வேண்டிய நிலையில்தான் இருக்கிறோம் என்பது எனக்கு ஆறாத கோபம்.

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாட்சியாக விசாரிப்பதானால் எந்தப் பெண்ணையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது. பி.என்.எஸ்.எஸ். 179-வது பிரிவுப்படி அவர் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். வயது 61 என்று எழுதியிருக்கிறீர்கள், வயதே தேவையில்லை, பெண் என்பதே போதும். ஆண்களுக்குத்தான் 60-ஐத் தாண்டியிருக்க வேண்டும் (15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களுக்கும் இதே சலுகை உண்டு). ஆனால் புதிய சட்டத்தில் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள்: அவரே விரும்பினால் ஸ்டேஷனுக்கு வரலாம். பொறி இங்கேதான் இருக்கிறது. பயந்துபோய் அம்மா கிளம்பிப் போனால், 'விருப்பப்பட்டு வந்தார்' என்று எழுதிக்கொள்வார்கள். ஆகவே, 'வீட்டில் விசாரித்தால் முழுமையாக ஒத்துழைக்கிறேன்' என்று அம்மா பெயரில் ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எஃப்.ஐ.ஆரில் அவரே குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் இந்தப் பாதுகாப்பு வராது. அப்போதும், மாஜிஸ்திரேட் அனுமதி பெற்ற அபூர்வமான சூழல் தவிர, பொழுது சாய்ந்து விடியும்வரை ஒரு பெண்ணைக் கைது செய்யக் கூடாது.

போனைக் கேட்டால் எழுதிக்கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பறிமுதலை வீடியோ எடுக்க வேண்டும் என்று இப்போது சட்டமே சொல்கிறது. விசாரணை வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத் தேவையில்லை. வெற்றுத்தாளில் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள்.

'66ஏ போட்டுருவாங்க' என்று அந்தத் தெரிந்தவர் மிரட்டினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே ரத்து செய்துவிட்டது என்று சொல்லுங்கள். குரூப் 4 பற்றிய பயம் நியாயமானது. வழக்கே பதிவாகவில்லை என்றால் மறைக்க எதுவும் இல்லை. பதிவானால், விண்ணப்பத்தில் கேட்கும் இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வழக்கை மறைத்து வேலையைப் பறிகொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆர்ப்பாட்டத்தைக் கைவிட வேண்டாம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக செல்போன் அழைப்பிலேயே மெரினா நிறைந்ததைச் சொல்லி, அனுமதியெல்லாம் தேவையில்லை என்று யாராவது குழுவில் எழுதுவார்கள். அந்தப் போராட்டத்தில் போட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவிக்க 2021 ஆனது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். நாள், நேரம், இடம், வரும் ஆட்கள் எண்ணிக்கை, பொறுப்பாளர் பெயர் எழுதி ஒரு வாரத்துக்கு முன்பே ஸ்டேஷனில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முந்தின நாள் ராத்திரிவரை இழுத்தடித்து வாய்மொழியாக மறுப்பது இங்கே வாடிக்கை. மறுப்பை எழுத்தில் கேளுங்கள், அந்தத் தாள் இருந்தால்தான் மதுரைக் கிளையில் ரிட் போட வசதி. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணுக்கு அம்மாவையே பேசச் சொல்லுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.