கேரம் போட்டியை நடத்துபவரே ஆடலாமா?

வணக்கம் நண்பரே. குடியாத்தத்தில் 13 பேரை வைத்து நாக்-அவுட் நடத்துகிறீர்கள், நீங்களும் அதில் ஒருவர், அதற்குள் முணுமுணுப்பு வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாக ஆடுங்கள். ஆனால் ஆடுபவர் தீர்ப்பு சொல்லக் கூடாது.

முதலில் குலுக்கல். 13 பேர் என்றால் 16 இடத்துக்கான அட்டவணை, 3 பேருக்கு பை (bye), அதாவது முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் சலுகை. சீட்டை எல்லோர் முன்னாலும் வேறொருவர் எடுக்கட்டும். பை உங்களுக்கு வேண்டாமென்று முன்பே அறிவித்துவிடுங்கள். மற்றவர்களைப் போல நுழைவுக் கட்டணமும் கட்டுங்கள்.

பெரிய சிக்கல் பலகைதான். தினமும் நீங்கள் பழகும் பலகையின் ரீபவுண்ட், அதாவது ஓரத்தில் பட்டுத் திரும்பும் வேகம், உங்கள் கைக்கு அத்துப்படி. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. உங்கள் ஆட்டங்களை வெளியிலிருந்து வாங்கி வந்த பலகையில் வையுங்கள். முடியாவிட்டால் முந்தின நாளே எல்லோருக்கும் பயிற்சிக்குத் திறந்துவிடுங்கள். நம்ம வேலூர்ப் பக்கத்து வெயிலில் கை வியர்வை பட்ட இடத்தில் காய் இழுக்கும், அதனால் ஒவ்வொரு கேமுக்கு முன்பும் துணியால் துடைத்துப் பவுடர் போடச் சொல்லுங்கள். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது. உங்களுடையதையும் தராசில் வைத்துக் காட்டுங்கள்.

சண்டை வருவது பெரும்பாலும் மூன்று விஷயத்தில்: ஸ்ட்ரைக்கர் இரண்டு கோட்டையும் தொட்டதா, முழங்கை எல்லை தாண்டியதா, சிவப்புக்கு ஃபாலோ (சிவப்பைப் போட்டதும் அதை உறுதியாக்கப் போட வேண்டிய சொந்தக் காய்) சரியாக விழுந்ததா. இதற்கு ஆடாத ஒருவரை நடுவராகப் போடுங்கள். 25 புள்ளி அல்லது 8 போர்டு (காய்களை அடுக்கி ஆடி முடிக்கும் ஒரு சுற்றுதான் போர்டு) ஆனதும் கேம் முடியும் என்ற விதியையும் பரிசுத் தொகையையும் எழுதி ஒட்டிவிடுங்கள். ஆடாத நடுவர் கிடைக்கவே இல்லையென்றால், இந்த முறை நீங்கள் ஆட வேண்டாம்.