குடும்ப மருத்துவர்களுக்கான தொடர் கல்வி: கேள்வி பதில்

கேள்வி: ஞாயிறு முழுக்கக் கருத்தரங்கில் உட்கார்ந்து கிரெடிட் புள்ளி வாங்குகிறோம். திங்கட்கிழமை எழுதும் மருந்துச்சீட்டு அதனால் மாறுகிறதா, ஐயா?

பதில்: கொஞ்சம் மாறுகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2009ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி, கல்விக் கூட்டங்களால் சரியான சிகிச்சை முறையைக் கடைப்பிடிப்பது நடுமதிப்பில் 6 சதவீதப் புள்ளி கூடியது. நூறு நோயாளிகளில் ஆறு பேர். விரிவுரையோடு கலந்துரையாடலும் சேர்ந்த கூட்டங்கள் கூடுதல் பலன் தந்தன. சிக்கலான பழக்கங்களோ அவ்வளவாக அசையவில்லை.

கேள்வி: கூட்டம் முடிந்ததும் வைக்கும் தேர்வில் 90 வாங்கினால் போதாதா?

பதில்: அது அன்றைய ஞாபகத்துக்குக் கிடைத்த மதிப்பெண். இன்ஹேலரை எடுத்துக்கொள்ளுங்கள். குலுக்கு, மூச்சை முழுக்க வெளியே விடு, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்து, 10 விநாடி அடக்கு என்று தாளில் பிழையில்லாமல் எழுதுபவர் கையிலேயே காலி இன்ஹேலரைக் கொடுத்துப் பாருங்கள். மூச்சை வெளியே விடாமலே அழுத்திவிடக்கூடும். மருத்துவத் திறனைப் படிகளாக அடுக்கி மில்லர் 1990இல் சொன்ன பிரமிடில் 'செய்து காட்டுதல்' மூன்றாம் படிதான். உச்சியில் இருப்பது, கிளினிக்கில் நிஜமாகச் செய்வது.

கேள்வி: தனியாக கிளினிக் நடத்துகிறேன். ஆடிட், அதாவது என் சிகிச்சையை நானே கணக்கெடுத்துப் பார்ப்பது, என்றால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஒரே ஒரு கேள்வி போதும். தொண்டை வலிக்குத் தேவையில்லாமல் ஆண்டிபயாட்டிக் எழுதுகிறேனா? தொண்டை வலியோடு வந்த பெரியவர்களின் கடைசி 30 கேஸ் ஷீட்டை வரிசையாக எடுங்கள். பொறுக்கி எடுத்தால் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். தொண்டை வலி பாக்டீரியாவால் வந்ததா என்று கணிக்க உதவும் சென்டார் அடையாளங்கள் நான்குக்கும் ஒவ்வொரு கட்டம்: காய்ச்சல், இருமல் இல்லாமை, டான்சிலில் சீழ்ப்படலம், கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கும் நெறிகட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. 0 அல்லது 1 என்றால் பாக்டீரியாவாக இருக்கும் வாய்ப்பு குறைவு; அவர்களில் எத்தனை பேருக்கு ஆண்டிபயாட்டிக் போனது என்று எண்ணுங்கள்.

பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: இருமல் இருந்ததா என்று ஷீட்டில் இருக்காது, நினைவிலிருந்து நிரப்பிவிடுவோம். 'பதிவில்லை' என்று தனிக் கட்டம் போடுங்கள். அந்தக் கட்டம் பாதி நிறைந்தால், முதலில் திருத்த வேண்டியது குறிப்பெழுதும் பழக்கம்.

கேள்வி: எண்ணிவிட்டேன். அடுத்து?

பதில்: எண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு மூடிவைத்தால் ஒன்றும் நடக்காது. இலக்கும் செயல்திட்டமும் எழுதி, சக மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். 3 மாதம் கழித்து மறுபடி 30. ஆடிட் பற்றிய 2012ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பில் முன்னேற்றம் நடுமதிப்பில் 4.3 சதவீதப் புள்ளி. தொடக்கத்தில் பின்தங்கியிருந்தவர்களுக்கும், வாய்மொழியாகவும் எழுத்திலும் திரும்பத் திரும்பக் கருத்து கிடைத்தவர்களுக்கும் பலன் அதிகம். ஒன்று கவனம்: தேவையில்லாமல் ஆண்டிபயாட்டிக் போனவர்கள் 12 பேர் என்பது 10 ஆனால் தற்செயலாக இருக்கலாம், 4 ஆனால் பொருட்படுத்தலாம்.

கேள்வி: மருந்து கம்பெனி செலவில் நடக்கும் கூட்டத்துக்குப் போகலாமா, டாக்டர்?

பதில்: போனால் 'எங்கள் மருந்தால் நோய் ஆபத்து 50 சதவீதம் குறைந்தது' என்ற ஸ்லைடில் நிறுத்தி, எதிலிருந்து எதற்கு என்று கேளுங்கள். 2 சதவீதம் 1 ஆனாலும் அது பாதிதான். அப்போது ஒருவர் பயன்பெற 100 பேர் மருந்து சாப்பிட வேண்டும்.

கேள்வி: தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: பிடித்ததை எடுக்காதீர்கள், பிடித்தது ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும். நோயாளி எதிரே இருக்கும்போது பதில் தெரியாமல் போன கேள்வியை அப்போதே மேசை நோட்டில் ஒரு வரி குறித்துவிடுங்கள். இரண்டு வாரத்தில் எது மூன்று முறை வந்திருக்கிறதோ, அதுதான் தலைப்பு.